நாலு டிகிரிக் கோதுமை

கோதுமையை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தது அவர்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை. அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருத்தி, “வெளியிலேயே இருக்கட்டுமே, எனக்கென்னமோ அதுதான் சரின்னு படுது” என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். பெண்டாட்டி சொல்வதைக் காதில் வாங்காத கணவர்களுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. ஆனால் இவர் காதில் வாங்காமல் போனதற்குத் தொழில் ஒரு காரணமாக இருந்தது.

ஊரில் அவருக்குக் ‘கூலிங்’ என்று பெயர். இருபத்தாறு வருடமாக ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் சும்மா கிடந்தது. கடைத்தெரு முனையில் ஒரு ஒர்க்‌ஷாப். உள்ளே கதவில்லாத ஃப்ரிட்ஜ்கள், ஃப்ரிட்ஜ் இல்லாத கதவுகள், நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் அவர். யார் வந்தாலும் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். முதலாவது, “ஈரமா எது இருந்தாலும் உள்ள வைங்க, வெளிய வச்சா கெட்டுப்போகும்.” அடுத்தது கொஞ்சம் நீளம். “ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிக்கிற மெஷின் இல்லீங்க. உள்ள இருக்கிற சூட்டை எடுத்து முதுகுப் பக்கமா வெளிய விடற மெஷின். நீங்க வச்ச சாப்பாட்டோட சூடு எங்கயும் காணாமப் போகலை. பின்னாடி கை வச்சுப் பாருங்க, இருக்கும்.” யாரும் கை வைத்துப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் அவள் கண்ணுக்குத் தெரியும், வாயால் சொல்ல மாட்டாள். அதற்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் உட்காரும் அக்கா. “குளிச்சிட்டு ஈரத்தலையோட அவர் முன்னாடி போகாதடி, உன்னையும் தூக்கி உள்ள வச்சிடுவாரு” என்று தங்கையிடம் சொன்னது அவள்தான். கூலிங்குக்கு அந்த அக்காவை ரொம்பப் பிடிக்கும். கிண்டல் செய்தாலும் அவர் சொல்வதை முழுசாகக் கேட்ட பிறகுதான் செய்வாள்.

அந்த அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டிருந்தது. அவள் வீடு இரண்டாவது மாடி. முதல் மாடிக்கு இருபத்திரண்டு படி. பதினோராவது படியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தாள், ஏறும்போது உட்கார்ந்து மூச்சு வாங்க. “நடுவுல ஒரு ஸ்டாப் விட்டிருக்கேன், அவ்வளவுதான்” என்பாள். அறுவை சிகிச்சைக்குப் பன்னிரண்டு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அவள் ரத்தம் லேசில் கிடைக்காத வகை. இரண்டு பை வேண்டும். ஒன்று, எங்கோ வேறு ஊரில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தருவதாகச் சொல்லிவிட்டார், புண்ணியவான். இன்னொன்றைத் தரக்கூடியவள் தங்கை மட்டும்தான். “ரெண்டு பையும் கையில இருந்தாத்தான் நான் கத்தியை எடுப்பேன்” என்று டாக்டர் கறாராகச் சொன்னார்.

தங்கை அன்றைக்கே ரத்த வங்கிக்குப் போய்க் கையை நீட்டினாள். அங்கே வேலை பார்க்கும் பெண் அவள் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீல நிறத் தண்ணீர் இருந்த கண்ணாடிக் குப்பிக்குள் விட்டாள். சொட்டு கொஞ்ச தூரம் இறங்கியது, நின்றது, பிறகு யோசித்துப் பார்த்ததுபோல் மெல்ல மேலே வந்து மிதந்தது.

“மூழ்கினா எடுத்துப்போம். மிதந்தா எடுக்க மாட்டோம்” என்றாள் அந்தப் பெண். “ரத்தத்துல இரும்புச்சத்து போதலைங்க.”

மெஷினில் வைத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் பதினொன்று புள்ளி நாலு. பன்னிரண்டரை இருந்தால்தான் எடுப்பார்கள். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது அவள் வயிற்றைப் புரட்டி எடுத்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதி மாத்திரை, அதுவும் சாப்பாட்டோடு, என்று குறைத்துவிட்டு உணவு ஆலோசகரிடம் அனுப்பிவைத்தார். சின்ன வயசுப் பெண்மணி, பெரிய கண்ணாடி, வாசலில் எட்டுப் பேர் வரிசை. கூலிங் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு ‘டயட்டம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்.

“என்ன சாப்பிடறீங்க?” என்றார் டயட்டம்மா.

மனைவி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். “காலையில முழுக்கோதுமைக் கஞ்சி, கொஞ்சம் பார்லி போட்டு. மதியமும் அதேதான், மாவா அரைச்சு ரொட்டி. தவிடு கூட நீக்கறதில்லை. மூணு வருஷமா இதான்.”

“நல்ல சாப்பாடுதான். ஆனா அதுல ஒரு வில்லங்கம் இருக்கு” என்று டயட்டம்மா சிரித்தார். “தானியம்கிறது நமக்காகப் படைச்சது இல்லீங்க. அது ஒரு விதை. முளைக்கப்போற குஞ்சுக்குன்னு கொஞ்சம் சத்தை மூட்டை கட்டித் தவிட்டுப் பக்கம் வச்சிருக்கும். அந்த மூட்டைக்குப் பேரு பைட்டிக் அமிலம். அது சும்மா இருக்காது. வயித்துக்குள்ள போனா, பக்கத்துல இருக்கிற இரும்பையும் துத்தநாகத்தையும் பிடிச்சு இறுக்கி வச்சுக்கும். நம்ம குடலுக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது.”

கூலிங் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் அவர் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். “அப்ப யாருக்குத்தான் தெரியும்?”

“விதைக்கே தெரியும். உள்ளயே அதுக்கு ஒரு நொதி வச்சிருக்கு. முளைக்கலாம்னு அது முடிவு பண்ணினா அதுவே முடிச்சை அவிழ்க்கும். நாம செய்ய வேண்டியதெல்லாம் விதையை ஏமாத்தறதுதான். மழை வந்துடுச்சு, எழுந்திருன்னு சொல்லணும். தண்ணியில போட்டு ஒரு முழு நாள் ஊற விடுங்க. அப்புறம் கஞ்சி வைங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க.”

விதையை ஏமாற்றுவது! கூலிங் வீடு வரும் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். எங்கே வைத்து ஊறவைப்பது என்று மட்டும் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரையில் அது ஒரு கேள்வியே இல்லை. ஊறுகிற தானியம் ஈரமானது, ஈரமானதெல்லாம் உள்ளே போக வேண்டியது.

அன்றிலிருந்து அது ஒரு பூஜை மாதிரி நடந்தது. காலை எட்டு மணிக்குத் தானியத்தைத் தட்டில் கொட்டிக் கல் பொறுக்குவார். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவார். மிதக்கிற பொக்குகளை வழித்து எடுத்து, “மிதக்கிறவனெல்லாம் வெளிய போ” என்று திட்டி ஜன்னல் பக்கம் குருவிகளுக்கு வீசுவார். கண்ணாடி ஜாடியில் போட்டு, தண்ணீர் விட்டு, மூடி, நடுத்தட்டில் வைப்பார். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். நாலு டிகிரி. நாலேகால் ஆனால்கூட விட மாட்டார், திருகைத் திருகி நாலுக்குக் கொண்டுவருவார். மறுநாள் எட்டு மணிக்கு எடுத்தால் தண்ணீர் முந்தின நாள் போலவே தெளிவாக இருக்கும், துளி வாடை இருக்காது. “பார்த்தியா, இருபத்துநாலு மணி நேரம் ஆச்சு, கெடவே இல்ல” என்று மனைவியிடம் காட்டுவார்.

“ஆமா, ஒண்ணுமே ஆகலை” என்பாள் அவள். அவள் சொன்னதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஆறு வாரம். ஒரு நாள் தப்பவில்லை. காய்ச்சல் வந்த அன்றும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து பொக்கு வழித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போனால், “கூலிங் தம்பி, விதை ஏமாந்துச்சா?” என்று கேட்பாள். அவர் முழுக் கதையையும் மறுபடி சொல்வார். அவளும் மறுபடி கேட்பாள். “உங்களை நம்பித்தான் தேதி வாங்கியிருக்கேன்” என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. “கவலையை விடுங்கக்கா, என் பொறுப்பு” என்றார். வாயைக் கொடுத்துவிட்டார்.

ஆறாவது வார முடிவில் இரண்டு பேரும் ரத்த வங்கிக்குப் போனார்கள். நீலத் தண்ணீர், ஒரு சொட்டு. இறங்கியது. நின்றது. கூலிங் தன்னையறியாமல் கழுத்தை நீட்டிக் கீழ்நோக்கி ஒரு தள்ளுத் தள்ளினார், காற்றில். சொட்டு அவர் பேச்சைக் கேட்கவில்லை. மேலே வந்து மிதந்தது. பதினொன்று புள்ளி ஐந்து.

“ஒரு புள்ளி ஏறியிருக்கு” என்றாள் அந்தப் பெண், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூல் பதினோராவது படியில் இல்லை; ஏழாவதுக்கு இறங்கி வந்திருந்தது. “அதனால என்ன தம்பி” என்றாள். இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். “தேதியைத் தள்ளி வச்சா ஆச்சு.” தள்ளி வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது மூன்று பேருக்கும் தெரியும். அவள் திட்டியிருந்தால், கிண்டல் செய்திருந்தால் கூலிங் தாங்கியிருப்பார். ‘அதனால என்ன’ என்றதுதான் அவரை அறுத்தது.

வீட்டுக்கு வந்தவர் மறுநாளுக்காக எதையும் விட்டுவைக்கக் கூடாது என்ற பழக்கத்தில் தானியத்தைக் கழுவினார். நினைப்பெல்லாம் ஏழாவது படியில் இருந்தது. ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்து ஜாடியில் கொட்டும்போது ஒரு பிடி சிதறிப் பின்பக்கம் விழுந்தது. குனிந்து எடுக்க மனசில்லை. ஜாடியை உள்ளே வைத்து மூடினவர் நாலு நாள் அந்தக் கதவைத் திறக்கவில்லை. கஞ்சியும் இல்லை, பூஜையும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் அந்த இரண்டு விஷயத்தையும் சொல்லாமலே அனுப்பினார். ஊருக்கே உடம்பு சரியில்லாததுபோல் ஆகிவிட்டது.

ஐந்தாவது நாள் காலையில் மனைவி சமையலறையில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

“என்னங்க, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி என்னமோ புளிச்ச வாடை அடிக்குது.”

“என் ஃப்ரிட்ஜா?”

“வேற யார் ஃப்ரிட்ஜ் இங்க நிக்குது?”

இது மானப் பிரச்சினை. கூலிங் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜின் முதுகில், கீழே, கம்ப்ரசர் இருக்கும். அதன் தலைக்குமேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு. உள்ளே உருகும் பனித் தண்ணீர் குழாய் வழியாக அதில் சொட்டும், கம்ப்ரசர் சூட்டில் தானாக ஆவியாகும். அந்தத் தட்டில் வாழ்நாளில் அவர் பார்க்காத பொருளில்லை. பல்லி, பொம்மைக் கால், ஒரு முறை கல்யாண மோதிரம். ஆனால் இதைப் பார்த்ததில்லை.

தட்டில் ஒரு குட்டி வயல் இருந்தது. அன்றைக்குச் சிதறி விழுந்த கோதுமை. ஒவ்வொரு மணியிலும் வெள்ளை வேர் மூன்று நாலு, ஒன்றோடொன்று பின்னி, நடுவில் விரல் நீளத்துக்கு வெளிறிய முளை. குனிந்தால் மோர் மாதிரி ஒரு புளிப்பு வாசம்.

அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு எழுந்து கதவைத் திறந்து ஜாடியை எடுத்தார். அதே பிடி, அதே நாள், அதே நாலு நாள் தண்ணீரில். உள்ளே இருந்த மணிகள் கொழுகொழுவென்று ஊதியிருந்தன, அவ்வளவுதான். ஒன்றுகூட மூக்கை வெளியே நீட்டவில்லை. மோந்து பார்த்தார். குழாய்த் தண்ணீர் வாசம். ஜாடியையும் தட்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தெர்மாமீட்டரைத் தட்டு இருந்த இடத்தில் சொருகினார். முப்பத்தொன்பது. உள்ளே நாலு, வெளியே முப்பத்தொன்பது, நடுவில் ஒரு சுவர்.

“இந்தா, இங்க வா” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் வந்து பார்த்தாள். லென்ஸ் பார்க்கிற கண். ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு.

“எதுவும் நடக்கக் கூடாதுன்னுதானே உள்ள வைக்கறோம்” என்றார் அவர், தரையைப் பார்த்து. “பால் திரியக் கூடாது, மாவு பொங்கக் கூடாது, காய் முளைக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமா நானே ஊருக்குச் சொல்லிட்டு, முளைக்கணும்னு வச்ச விதையைக் கொண்டுபோய் உள்ள வச்சிருக்கேன் பாரு. ஆறு வாரம். அக்காவோட ஆறு வாரத்தை நான் தின்னுட்டேன்.” அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை.

மனைவி ஒரு முளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “தேதிக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்குல்ல” என்றாள். “எழுந்திருங்க. முகத்தைக் கழுவிட்டு வாங்க. அந்தம்மாகிட்ட போய்க் கேட்டுட்டு வந்துடலாம்.”

தட்டை ஒரு செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். டயட்டம்மா பிரித்துப் பார்த்துவிட்டு முதலில் பயந்துபோனார். கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஃப்ரிட்ஜ்லயா வச்சீங்க! மழை வந்துடுச்சு, எழுந்திருன்னும் சொல்லிட்டு, குளிர்காலம், தூங்குன்னும் சொல்லியிருக்கீங்க. பாவம், அது யார் பேச்சைக் கேட்கும்?”

“அப்ப என்ன சூட்டுக்கு அது கேட்கும்?” கூலிங் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார். அழுத சுவடு முகத்தில் இருந்தாலும் கண்ணில் பழைய ஆர்வம் திரும்பியிருந்தது.

“கை பொறுக்கிற வெதுவெதுப்பு. நாற்பது, நாற்பத்தஞ்சு வரைக்கும் போகலாம். ரொம்பச் சூடானா நொதி செத்துடும். கொஞ்சம் புளிப்பு இருந்தா இன்னும் சுறுசுறுப்பா வேலை செய்யும். முந்தின நாள் ஊறின தண்ணியில ஒரு கரண்டி எடுத்து வச்சு மறுநாள் விடுங்க. லேசா முளை எட்டிப் பார்த்ததும் நல்லா அலசி, நல்லா வேக வைங்க. நாத்தம் அடிச்சா தயவு தாட்சண்யம் பார்க்காம கொட்டிடுங்க. அப்புறம் இந்தத் தட்டுல முளைச்சதைத் தின்னுடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன்.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். “இதனாலதான் ஏறலைன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். உடம்புக்கு உடம்பு வேற. ஆனா ஒண்ணு யோசிங்க. மாத்திரையையும் இந்தக் கஞ்சியோடதானே முழுங்கினாங்க? கஞ்சி அந்த இரும்பையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கும்.”

கூலிங் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அதை அவர் யோசிக்கவே இல்லை.

ஒர்க்‌ஷாப் மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கிடந்தது. அன்றைக்கு மத்தியானமே அதன் முதுகைத் துடைத்து, தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு புது எவர்சில்வர் பாத்திரத்தில் தானியத்தை ஊறப்போட்டுக் கம்ப்ரசர் மேலேயே வைத்தார். மறுநாள் பார்த்தால் அவித்த கோதுமை வாசம். தெர்மாமீட்டர் அறுபத்திரண்டு காட்டியது. அவசரப்பட்டுவிட்டார். ஒரு மரக்கட்டையை அடியில் கொடுத்தார், ஐம்பத்தொன்று. இரண்டு கொடுத்தார், நாற்பத்திரண்டு. ஆனால் கம்ப்ரசர் ஓடி ஓடி நின்றது. நின்றால் சூடு இறங்கியது. அது நிற்காமல் ஓட ஒரே வழிதான் உண்டு. கூலிங் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜ் கதவை நாலு விரல் திறந்து ஒரு ஆப்பைச் செருகினார்.

கதவைத் திறந்து போட்டவர்களை நடுவீட்டில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிற மனுஷர். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன கூலிங், கதவு திறந்திருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல, எதுக்கு ஓடுது?” என்று கேட்டார்.

“வேலை பின்னாடி நடக்குது” என்றார் கூலிங்.

நடந்தது. சாயங்காலம் வைத்தால் மறுநாள் காலையில் தண்ணீர் கலங்கி, ஓரத்தில் சின்னக் குமிழ் கட்டி, லேசாகப் புளித்திருக்கும். வடித்து ஈரத்துணியில் கட்டி வெறும் அறைச் சூட்டில் இன்னொரு நாள் தொங்கவிட்டால் ஒவ்வொரு மணியும் உப்புக்கல் அளவுக்கு ஒரு வெள்ளை நுனியை நீட்டியிருக்கும். அந்த நுனியை அவர் தினமும் பார்த்தார், தினமும் அதிசயப்பட்டார். ஏமாந்துவிட்டது! கஞ்சியின் ருசியும் மாறியது. முதலில் ஒரு இனிப்பு, பின்னால் ஒரு புளிப்பு. மனைவி முதல் நாள் முகத்தைச் சுளித்தாள், நாலாம் நாள் இன்னொரு கரண்டி கேட்டாள். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தாள். பாதி மாத்திரையை விடாமல் விழுங்கினாள். மிதக்கிற பொக்குகளைக் கூலிங் இப்போதும் வழித்து எடுத்தார், ஆனால் திட்டுவதை விட்டுவிட்டார். மிதக்கிறவன் நிலைமை அவருக்கு இப்போது தெரியும்.

நடுவில் பரிசோதனைக்குப் போகவில்லை. “பார்த்துப் பார்த்து வயித்தெரிச்சல் படறதுக்குத் தெம்பில்ல, ஒரேயடியா போவோம்” என்று மனைவி சொல்லிவிட்டாள். ஸ்டூல் நாலாவது படிக்கு இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அதில் உட்கார்ந்தபடி, “இன்னும் ரெண்டு வாரத்துல வாசலுக்கே வந்துடும், அப்புறம் யார் வந்தாலும் நான்தான் வாட்ச்மேன்” என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் கூலிங் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து தெர்மாமீட்டரை இன்னொரு தடவை பார்த்தார்.

அறுவை சிகிச்சைக்கு ஐந்து நாள் முன்னால், காலை பத்து மணிக்கு, ரத்த வங்கியில் அதே பெண், அதே நீலத் தண்ணீர். விரல் நுனியில் குத்தினாள். சொட்டு விழுந்தது.

இறங்கியது. குப்பியின் நடுவில் வந்து நின்றது.

கூலிங் இந்தத் தடவை கழுத்தை நீட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் எதையும் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லையே, உடனே ஒரு கண்ணைத் திறந்தார். சொட்டு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு அது, யாரும் சொல்லாமல், தானாகவே முடிவு பண்ணியதுபோல் நழுவி, நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது.

“மூழ்கிடுச்சு” என்றாள் அந்தப் பெண்.

“இன்னொரு சொட்டு விட்டுக் காட்டுவீங்களா?” என்றார் கூலிங்.

“எதுக்கு சார்? சரியாத்தான் இருக்கு.”

“சந்தேகம் இல்லம்மா. இன்னொரு தடவை பார்க்கணும்.”

அந்தப் பெண் மனைவியைப் பார்த்தாள். மனைவி சிரித்துக்கொண்டே மறுபடி விரலை நீட்டினாள். இரண்டாவது சொட்டும் அடிக்குப் போனது. மெஷினில் பன்னிரண்டு புள்ளி ஆறு. கஞ்சியா, மாத்திரையா, தள்ளிவைத்த டீயா, யார் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கூலிங்குக்கே அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு அவர் அதை நோண்டவில்லை.

மனைவி படுத்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குப் போன் போட்டார்.

“மூழ்குச்சா, மிதந்துச்சா?” என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில்.

“மூழ்கிடுச்சுக்கா. ரெண்டு தடவை.”

அக்கா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். “சரி. சாவகாசமா வந்து அந்த ஸ்டூலை எடுத்துட்டுப் போங்க தம்பி. உங்க முக்காலிக்குத் துணையா இருக்கட்டும்” என்றாள். குரல் உடைந்ததும் போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் பையைக் கட்டி, சீட்டு ஒட்டி, உள்ளறையில் இருந்த பெரிய கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைத்தாள். மேலே சிவப்பு எண்ணில் நாலு என்று எரிந்தது. கூலிங் வாசலில் நின்று அந்த எண்ணைப் பார்த்தார். இது சரி. இது உள்ளேதான் இருக்க வேண்டும், இங்கே எதுவும் முளைக்க வேண்டாம், எதுவும் மாற வேண்டாம், ஐந்து நாள் அப்படியே தூங்கட்டும். மனைவி உட்கார்ந்து பழச்சாறு குடிக்கிற நடையில்தான் அந்த ஃப்ரிட்ஜின் முதுகு இருந்தது, ஒரு கம்பி வலைக்குப் பின்னால். அவர் அங்கே போய்க் காதைக் கொடுத்து நின்றார்.

“என்னங்க பண்றீங்க? மானத்தை வாங்காதீங்க, வாங்க இங்க.”

“இரு. இப்பக் கிளம்பும்.”

கம்ப்ரசர் ஒரு முறுமுறுப்போடு கிளம்பியது. அவர் உள்ளங்கையை வலைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. சற்று முன்னால் வரை இவள் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பை. அதில் இருந்த சூடு எங்கும் காணாமல் போகவில்லை. இதோ வருகிறது. இருபத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னதை அவர் இன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது.

மனைவி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இருபது வருடமாக அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பஞ்சு ஒட்டின கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“வெளியிலேயே இருக்கட்டும்னு நான் அன்னைக்கே சொன்னேன்” என்றாள்.